பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்

பள்ளி அறிவியலில் காற்றழுத்தப் பாடம் வரும்போது ஒரு படம் தவறாமல் கூட வரும்: பாதரசக் கிண்ணம், அதில் கவிழ்த்த கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் பாதரசம். பரீட்சைக்கு அந்த 76 நினைவில் இருந்தால் போதும். ஆனால் பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. அதே காற்றழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தாங்கும் என்று பெருக்கிப் பார்த்தால் 10.3 மீட்டர் வருகிறது. கிணற்று மேட்டில் வைத்த பம்பு, எவ்வளவு பெரிய மோட்டாரைப் பூட்டினாலும், அந்த ஆழத்துக்கும் கீழே கிடக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்காது. குழாயின் உராய்வையும் காற்றுக் கசிவையும் கழித்தால் ஏழு மீட்டர் கிடைப்பதே பெரிது.

கோவைப் பக்கத்துக் கிணறுகள் இந்தக் கணக்குக்குள் அடங்குபவை அல்ல. மலை மறைவில் கிடக்கும் மழை குறைந்த பூமி. அடியில் கெட்டிப் பாறை. எண்பதடி, நூறடி என்று வெட்டிக்கொண்டே போன கிணறுகள். அதனால் கிணற்றுக்குள்ளேயே பக்கச் சுவரில் மேடை கட்டியோ, குறுக்கே இரும்பு கர்டர் போட்டோ மோட்டாரையும் பம்பையும் இறக்கி வைத்தார்கள். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரும் செயினில் கட்டப்பட்டுக் கீழே இறங்கும். மழை பெய்து தண்ணீர் ஏறினால், நனைந்து காயில் எரிந்துபோவதற்குள் அதை மேலே தூக்கியாக வேண்டும். பாடப்புத்தகத்தின் 76 சென்டிமீட்டரும் கிணற்றுக்குள் கிடந்த இந்த கர்டரும் ஒரே விஷயம். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசிரியர் பள்ளியிலிருந்து பக்கத்துத் தோட்டம் வரை நடந்தால் போதும். அந்த நடையைச் சில தலைமுறைகள் நடந்ததால்தான் கோவை பம்பும் மோட்டாரும் செய்யும் ஊராயிற்று. நடுவில் அந்த நடை பலமுறை தடைபட்டிருக்கிறது. தடைபட்ட கதைகளையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

பள்ளியையும் தொழிலையும் சேர்த்து வைக்கும் முயற்சி தமிழகத்தில் புதிதல்ல. 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களை அளந்து வரைபடம் எடுக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே பிறந்தது. அதுதான் பின்னால் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அந்தக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1890-களின் பிற்பகுதியில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். 1898-இல் பள்ளிப் பட்டறையிலேயே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைகளுக்குப் புதிய உலோகம் கொடுக்கப்பட்டது. சரக்கு விற்றது, லாபமும் வந்தது. 1903-இல் அந்தத் தொழில் தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. அடுத்து குரோம் முறையில் தோல் பதனிடுவதில் இறங்கினார். எண்ணெய் எஞ்சினைப் பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் சோதனைகளையும் நடத்தினார். மாடு கட்டிக் கவலை இறைத்த நாட்டில் எஞ்சின் பம்பு பரவியதில் அவருக்குப் பங்கு உண்டு.

சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கமே தொழில் நடத்தலாமா என்று எதிர்த்தார்கள். லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு 1910-இல் தீர்ப்பு எழுதினார்: அரசு தொழிற்கல்வி கொடுக்கலாம், தொழில் நடத்தக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது வகுப்பறையையும் பட்டறையையும் பிரிக்கும் சுவராயிற்று. விற்கும் சரக்கைச் செய்யாத பட்டறையில் பயில்பவனுக்குத் தன் வேலையின் தரம் தெரிய வழியில்லை. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வாங்கியவன் திருப்பி அனுப்புவான் என்கிற பயம்தான் அளவுக் கருவிக்கு மரியாதை தருகிறது. அந்தப் பயம் இல்லாத பயிற்சிக் கூடங்கள் அன்றைக்கும் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன.

அரசு விட்ட இடத்தைக் கோவையில் தனியார் பிடித்தார்கள். அதற்கு அங்கே தேவை இருந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோவையின் முதல் பஞ்சாலைக்கு வித்திடப்பட்டது, 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்ஸைத் தொடங்கினார். இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்றுச் சக்கரம் கப்பலில் வந்து சேரும்வரை மில் காத்திருக்க முடியாது. உடைந்ததைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்றை வார்த்துக் கடைந்து கொடுக்க உள்ளூரிலேயே ஆள் வேண்டியிருந்தது. வெளியில் வேலை தேடிப் போகாமல் வேலையே ஊருக்குள் வந்து ஆள் தேடிய காலம் அது.

பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது தர்மத்துக்கு ஐந்தாவது பங்கு ஒன்றை ஒதுக்கினார்கள். 2,01,000 ரூபாய் முதலில் 1926-இல் பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் சாரிட்டீஸ் அறக்கட்டளை உருவானது. அதற்கு முன்பே, 1924-இல், சர்வஜனப் பள்ளி தொடங்கியிருந்தது. அதே காலத்தில் ஒரு தொழிற்கூடமும் வந்தது. விவசாயக் கருவிகள், மில் உதிரிகள், பிறகு பம்புகள், மோட்டார்கள் என்று அங்கே வேலை விரிந்தது. 1939-இல் பாலிடெக்னிக், 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளி, பட்டறை, கல்லூரி மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. கல்லூரி மாணவன் பயிற்சி பெற்றது சந்தைக்குப் போகும் சரக்கைச் செய்யும் பட்டறையில். மார்லி எழுப்பிய சுவர் இந்த வளாகத்துக்குள் வரவில்லை.

ஃபவுண்டரி வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் பள்ளிக் கணக்கு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று புரியும். பம்பின் உடலை வார்க்க முதலில் மரத்தில் பேட்டர்ன் செய்கிறார்கள். அதை மணலில் பதித்து எடுத்தால் குழி கிடைக்கும். குழியில் உருகிய வார்ப்பிரும்பு பாயும். இரும்பு ஆறும்போது சுருங்கும், மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். ஆகவே பேட்டர்ன் வேண்டிய அளவைவிட ஒரு சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். பேட்டர்ன் செய்கிறவரிடம் இதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. சாதாரண ஸ்கேலின் பக்கத்தில் வைத்தால் அதன் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மயிரிழை கூடுதலாக இருக்கும். சுருக்கக் கணக்கு அந்த ஸ்கேலிலேயே அடங்கிவிடுகிறது. பிறகு லேத்தில் கடையும்போது சீவி எறியப்படும் இரும்புக்கும் சேர்த்து அளவு கூட்ட வேண்டும். மணல் அச்சைச் சேதப்படுத்தாமல் பேட்டர்ன் வெளியே வரப் பக்கங்களில் லேசான சரிவு வேண்டும். விகிதம், சதவீதம், கோணம், வெப்ப விரிவு என்று ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் இயற்பியலும் ஒரே மரத்துண்டில் வந்து கூடுகின்றன. இதை வாய்ப்பாடு தெரியாமலே கைப்பழக்கத்தில் செய்த மேஸ்திரிகள் ஏராளம். அவர்களிடம் கற்றவர் வாய்ப்பாட்டையும் அறிந்திருந்தபோதுதான் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்வது புதிய மாதிரியை வடிவமைப்பதாக மாறியது.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் மூவாயிரம் அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் சக்தி கம்பியில் இறங்கிச் சமவெளிக்கு வந்தது. மில்கள் பெருகின. கிணற்று மேட்டில் கவலை ஏற்றமும் எண்ணெய் எஞ்சினும் இருந்த இடத்துக்கு மின் மோட்டார் வரத் தொடங்கியது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அது பெயர் பெற்றது.

ஜி.டி. நாயுடுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1893-இல் சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டுப் படித்தார் என்கின்றன அவர் வாழ்க்கை வரலாறுகள். 1920-இல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொடங்கிய போக்குவரத்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. இப்படி வந்தவருக்குக் கல்வி குறித்துக் கறாரான கருத்து இருந்ததில் வியப்பில்லை.

1945-இல் அவர் முயற்சியால் கோவையில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. நாயுடுவே முதல்வர். நான்கு ஆண்டுப் படிப்பு நேர விரயம், இரண்டு ஆண்டு தாராளம் என்றார். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் படிக்க ஷிப்ட் முறையில் வகுப்பு நடத்த வேண்டும் என்றும் கேட்டார். அரசு இரண்டையும் ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். கல்லூரி பிறகு தடாகம் சாலைக்கு இடம் மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்குகிறது. பழைய பெயர் அவினாசி சாலையில் ‘ஹோப் காலேஜ்’ என்ற பேருந்து நிறுத்தமாக ஒட்டிக்கொண்டது. படிப்பின் நீளம் பற்றிய நாயுடுவின் கணக்கு மிகையானது. உலோகவியலும் உயர்கணிதமும் இரண்டு ஆண்டுக்குள் அடங்காது. ஷிப்ட் வகுப்பு பற்றி அவர் சொன்னது சரி. பகலில் லேத்தில் நிற்பவன் மாலையில் படிக்க வழி இருந்திருந்தால், எத்தனையோ டர்னர் வீடுகளில் ஒரு தலைமுறை முன்னதாகவே பொறியாளர் வந்திருப்பார்.

இந்தக் காலத்திலேயே தொழில் அறிவைத் தமிழில் சொல்லும் வேலையும் கோவையில் நடந்தது. பி.எஸ்.ஜி. கல்லூரிகளை வளர்த்த ஜி.ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் மாத இதழை நடத்தினார். அவரே பொறியாளர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். பெரியநாயக்கன்பாளையத்தில் இயங்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தை 1930-இல் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது கைத்தொழிலோடு கூடிய ஆதாரக் கல்விக்கு ஊக்கம் தந்தார். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் நின்றவரும் அவரே.

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டால், பள்ளியைத் தொழிலோடு கட்டிவைப்பது எப்போதும் நல்லது என்று தோன்றும். 1953 அதற்கு மறுப்பு.

அந்த ஆண்டு சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளை தாய் தகப்பனிடம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். பள்ளி போதாமல் தவித்த மாகாணத்தில் அதே கட்டடம், அதே ஆசிரியரை வைத்து இரண்டு முறை வகுப்பு நடத்தலாம் என்பது அரசின் கணக்கு. ஆனால் வீட்டுத் தொழில் எது என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், குயவர் மகன் சக்கரத்துக்கும் சலவைத் தொழிலாளி மகள் வெள்ளாவிக்கும்தான் திரும்ப வேண்டியிருக்கும். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தன. அந்தப் பெயரே நிலைத்தது. அந்த ஆண்டு தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சி பக்கத்துக்காரர்.

கோவை முறைக்கும் குலக்கல்விக்கும் உள்ள வேறுபாடு மேலோட்டமாகப் பார்த்தால் சின்னது. உள்ளே போனால் மலையளவு. கோவைப் பட்டறைக்கு வந்த விவசாயி மகன் அப்பாவின் ஏரை விட்டு லேத்துக்கு வந்தான். ஊரின் தொழிலைப் படித்ததன் மூலம் வீட்டின் தொழிலிலிருந்து வெளியேறினான். குலக்கல்வி அவனை வீட்டுத் தொழிலுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. இன்று மத்திய அரசின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்கள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளரிடம் பயில வேண்டும் என்று சொல்லும்போது தமிழ்நாட்டில் சந்தேகக் குரல் எழுவது இந்த வரலாற்றால்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது. எந்தப் பிள்ளை எந்தப் பட்டறைக்கு அனுப்பப்படுகிறது என்பதை யாராவது கண்காணிக்க வேண்டும்.

கோவையின் வாசலும் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்கவில்லை. முதல் போட்டுப் பட்டறை வைத்தவர்கள் பெரும்பாலும் நிலமும் உறவுக் கூட்டமும் உள்ள சாதியினர். வேலை கற்ற மேஸ்திரி தனியாக லேத் போட முதலும் ஆர்டரும் சொந்தக்காரர் வழியாக வந்தன. அந்தச் சொந்தம் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள் வார்ப்படச் சாலையில் மணல் சுமப்பதோடு நின்றார்கள். அவர்களை மேலே ஏற்ற பள்ளியைத் தவிர வேறு ஏணி இல்லை.

1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்த ஏணியில் புதிதாகப் படிகள் சேர்க்கப்பட்டன. பிளஸ் டூவில் தொழிற்பிரிவு வந்தது. பொது இயந்திரவியல், மின் இயந்திரங்களும் சாதனங்களும், நெசவுத் தொழில்நுட்பம் என்று பாடங்கள். கோவை, திருப்பூர் பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. பாடத்திட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை; சேர்த்த விதத்தில்தான் கோளாறு. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடமாகப் பல பள்ளிகள் அதை நடத்தின. ‘ஒக்கேஷனல் குரூப்’ என்றால் படிப்பு ஏறாதவன் என்று பெற்றோர் காதில் விழுந்தது. 1980-களின் நடுவிலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகியபோது, முதல் குரூப்பில் சேர்ந்து பொறியியல் போவதே ஒரே வழி என்று வீடுகள் முடிவு செய்தன. லேத் பட்டறை முதலாளியே தன் மகனைப் பட்டறைப் பக்கம் வராதே என்று சொல்லிக் கல்லூரிக்கு அனுப்பினார். கரி படிந்த கையோடு முப்பது ஆண்டு நின்றவர் அப்படி நினைத்ததைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

விளைவு இன்று கண்ணுக்குத் தெரிகிறது. 1969-இல் சிறுதொழில் முனைவோர் கூடி அமைத்த கொடிசியாவின் கூட்டங்களில் ஆள் பற்றாக்குறை தீராத பேச்சு. ஃபவுண்டரிகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் பெருகிவிட்டார்கள். அதே ஊரில் பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர்கள் துறைக்குத் தொடர்பில்லாத வேலை பார்க்கிறார்கள். தொழிலும் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தொழிலாக இல்லை: கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள், மின் வாகன மோட்டார்கள், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பம்புகள். மோட்டார் வைண்டிங் பிரிவுகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். மெல்லிய எனாமல் கம்பியை எண்ணிக்கை பிசகாமல் சுற்றி, காயிலைக் காடியில் இறக்கி, காப்புத்தாள் வைத்து, வார்னிஷ் கொடுக்கும் வேலை. ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ மோட்டார் சூடாகும்.

பள்ளிப் பக்கத்திலும் அசைவு தெரிகிறது. 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ஆம் வகுப்புகளுக்கு ஆய்வுக் கருவிகளோடு நேரில் வரும் ‘வானவில் மன்றம்’ வந்தது. ஸ்டெம் என்று சுருக்கிச் சொல்லும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதக் கல்வியைச் செய்து பார்த்துக் கற்க வைப்பது அதன் வேலை. கருவிப் பெட்டி எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக இருக்கலாம். அதைத் திறந்ததும் பேசப்படும் உதாரணம் ஆம்பூரில் தோலாகவும் சிவகாசியில் அச்சு இயந்திரமாகவும் தூத்துக்குடியில் உப்பளமாகவும் இருந்தால்தான் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசும்.

கோவையில் அதற்கு மோட்டாரின் நேம் பிளேட் ஒன்றே போதும். 50 ஹெர்ட்ஸ், நான்கு துருவம் என்றால் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்ற வேண்டும். 120-ஐ 50-ஆல் பெருக்கி நான்கால் வகுக்கும் எளிய கணக்கு. தகட்டில் 1,440 என்று அடித்திருக்கும். அந்த 60 சுற்று எங்கே போயிற்று என்று கேட்டால், சுழலி காந்தப்புலத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கினால்தான் அதில் மின்சாரம் தூண்டப்படும் என்ற இடத்துக்கு வகுப்பு வந்து சேரும். பாரம் கூடினால் இன்னும் பின்தங்கும் என்பதை ரீவைண்டிங் கடையில் இருக்கும் அப்பாவோ வைண்டிங் பிரிவில் வேலை செய்யும் அம்மாவோ தினமும் பார்க்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் பள்ளிகளின் குழுக்களில் டர்னரும் ஃபிட்டரும் காயில் கட்டுபவரும் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டடப் பழுதும் கழிப்பறைத் தண்ணீரும் பேசி முடித்த பிறகு, அவர்களில் ஒருவரை மாதம் ஒரு பீரியட் எட்டாம் வகுப்புக்கு அழைக்க அறிவியல் ஆசிரியருக்குத் தேவைப்படுவது தலைமை ஆசிரியரின் சம்மதமும், பிரித்துப் பார்க்க ஒரு பழைய மோட்டாரும்.